குமிழை அழுத்தும் குழந்தைகளும் பொருள் சொல்லாப் பலகைகளும்

ஓர் இனத்தின் அறிவு நிலையை அளந்தறிய வேண்டுமாயின், அவ்வினத்தார் கட்டியெழுப்பிய பல்கலைக்கழகங்களை எண்ணிக் காட்டுதல் மட்டும் போதாது. அவ்வினத்துப் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் எங்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர், அங்கு எதனைக் காண்கின்றனர், கண்டதனை எம்மொழியில் வினவுகின்றனர், எம்மொழியில் விடை பெறுகின்றனர் என்பனவற்றையும் பார்த்தல் வேண்டும். பள்ளியில் கற்பது பெரும்பாலும் தேர்வுக்காகக் கற்பது. விடுமுறை நாளில், அம்மையப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு, எவரும் வற்புறுத்தாமல் தானே கற்பதுதான் உள்ளத்தில் ஊன்றி நிற்பது. அந்தக் கல்வி எந்த மொழியில் நடைபெறுகின்றதோ, அந்த மொழியையே குழந்தை அறிவின் மொழி என்று நம்பும்.

ஆகவேதான், தொட்டும் இழுத்தும் சுழற்றியும் கற்கின்ற அறிவியல் காட்சியகங்களைப் பற்றி இங்கு எழுத நேர்ந்தது. இஃது ஏதோ பொழுதுபோக்குச் செய்தி என்று அன்பர்கள் கடந்து போய்விடுதல் கூடாது. கோயிற் கருவறையில் தமிழ் வேண்டும் என்கின்றோம். வழக்கு மன்றத்தில் தமிழ் வேண்டும் என்கின்றோம். கல்லூரியில் தமிழ் வேண்டும் என்கின்றோம். அனைத்தும் நேரிய கோரிக்கைகளே. ஆனால், பத்து அகவைப் பிள்ளை இயற்கையின் நெறியை முதன்முதலில் தன் கையால் தொட்டுப் பார்க்கின்ற கூடத்தில் தமிழ் இருக்கின்றதா என்று நாம் கேட்டதுண்டா?

பழைய காட்சியகம் என்பது பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்துத் 'தொடாதே' என்று எழுதி வைத்த இடம். அந்த வழக்கத்தை உடைத்தவர்களுள் முன்னிற்பவர் செருமானிய மின்பொறியாளர் ஆசுக்கர் வான் மில்லர். அவர் 1903-இல் மியூனிக்கு நகரில் அடிகோலிய செருமானியக் காட்சியகம், 1925-இல் ஈசர் ஆற்றின் நடுவிலுள்ள தீவொன்றில் தன் பெருங்கட்டடத்தைத் திறந்தது. குமிழை அழுத்தினால் இயங்கும் பொறிகளும், பார்வையாளரே கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் சிற்றுருவங்களும் அங்கு வைக்கப்பெற்றன. செயிசு நிறுவனத்திற்காக வால்தர் பவர்சுபெல்டு அமைத்த முதற் கோளரங்கப் பொறி, 1923-இல் அக்காட்சியகத்தில்தான் குவிமாடத்தின் உட்புறத்தில் விண்மீன்களைத் தோற்றுவித்துக் காட்டிற்று.

பின்னர் இவ்வழி உலகெங்கும் பரவிற்று. இலண்டன் அறிவியற் காட்சியகம் 1931-இல் சிறுவர்க்கெனத் தனிக்கூடம் திறந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் சான் பெரின் முன்னின்றதால், 1937-இல் பாரிசில் 'கண்டுபிடிப்பு மாளிகை' எழுந்தது. 1969-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோவில், 'தேடலகம்' என்று நாம் தமிழ்ப்படுத்தத் தக்க எக்சுபுளோரட்டோரியத்தைப் பிராங்கு ஓப்பனைமர் தொடங்கினார். அணுக்குண்டு ஆக்கத்தால் பெயர் பரவிய இராபர்ட்டு ஓப்பனைமரின் இளவல் இவர். அரசியற் கொள்கையின் பொருட்டு 1949-இல் பல்கலைக்கழகப் பணியை இழந்து, கொலராடோ மலைநாட்டில் ஆநிரை வளர்த்துப் பிழைத்து, அதன்பின் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றவர். பேராசிரியராயிருந்த ஒருவர் சிற்றூர்ப் பிள்ளைகளின் நடுவே கழித்த ஆண்டுகளின் விளைவே அத்தேடலகம் என்று கூறினும் மிகையாகாது. அங்குப் பொருள்களை விளக்குவதற்கு அமர்த்தப்பட்டவர்கள் அறிஞர்கள் அல்லர். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். இது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இக்காட்சியகங்களின் பொறிகளைக் கண்டு வியக்கின்ற நம்மவர், அவற்றின் பலகைகளைக் காண்பதில்லை. மியூனிக்குத் தொழிலாளி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தன் மக்களோடு அங்குச் சென்றபோது, பலகையில் இருந்த மொழி அவன் காலையில் உணவுண்ணும்போது பேசிய மொழி. பாரிசு நகரத்துத் தாய் தன் மகனுக்குப் படித்துக் காட்டிய மொழி, அவள் அவனைத் தாலாட்டிய மொழி. எனவே, பொறிக்கும் பிள்ளைக்கும் இடையே வேறொரு சுவர் இல்லை. கை தொட்டது, கண் படித்தது, வாய் கேட்டது, தந்தை சொன்னான். நான்கும் ஒரே மொழியில் நடந்தன. காட்சியகத்தின் வெற்றிக்குப் பொறி பாதி, மொழி பாதி.

'செருமானியமும் பிரெஞ்சும் வல்லரசு மொழிகள். அவற்றோடு நம்மை ஒப்பிடலாமா?' என்று சிலர் வினவக்கூடும். நன்று, வல்லரசு மொழிகளை விட்டுவிடுவோம். பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்சு நாட்டைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வேல்சு மொழி பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர். அந்நாட்டு மக்களில் 17.8 விழுக்காட்டினர். அவர்களுள் ஆங்கிலம் அறியாதவரைக் காண்பது அரிது. ஆயினும், அந்நாட்டுத் தலைநகர் கார்டிபில் 1986-இல் தோன்றிய தெக்குனிக்குவெசுட்டு என்னும் அறிவியல் நடுவம், ஆங்கிலத்தோடு வேல்சு மொழியையும் வைத்து நடத்தப்பெறுகின்றது. பின்லாந்தின் தலைநகரையடுத்த வந்தா நகரில் 1989-இல் திறக்கப்பட்ட எயுரேக்கா நடுவத்தைப் பாருங்கள். அந்நாட்டில் சுவீடிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. அவர்களுக்காகவும் அங்குப் பின்னியத்தோடும் ஆங்கிலத்தோடும் சுவீடியம் இடம்பெற்றுள்ளது. இங்கோ, 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாக உடையவர் 6 கோடியே 90 இலக்கம் பேர். ஐந்து இலக்கம் பேருடைய மொழிக்கு இடமுள்ள உலகில், ஏழு கோடிப் பேருடைய மொழிக்கு இடமில்லை என்று சொல்வது கணக்கறிவாகுமா?

நம் நாட்டிலும் இத்தகைய நடுவங்கள் இல்லாமல் இல்லை. 1987-இல் திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் நடுவம் திறக்கப்பட்டது. 1988-இல் சென்னைக் கோட்டூர்புரத்தில், தந்தை பெரியார் பெயர் தாங்கிய அறிவியல் தொழில்நுட்ப நடுவமும் அதனோடு கோளரங்கமும் எழுந்தன. 1999-இல் திருச்சியில் அண்ணா பெயரிலமைந்த அறிவியல் நடுவம் கோளரங்கத்தோடு தோன்றியது. இவை ஏழை வீட்டுப் பிள்ளைகளும் சிறு கட்டணத்தில் புகுந்து காணத்தக்க இடங்கள். பகுத்தறிவைத் தம் வாழ்நாள் முழுதும் முழங்கிய பெரியாரின் பெயரை அறிவியல் நடுவத்திற்குச் சூட்டியதும் மிகப் பொருத்தமே. சென்னைக் கோளரங்கக் காட்சிகள் தமிழிலும் விளக்கப்பெறுகின்றன. இருண்ட குவிமாடத்தின்கீழ்க் கார்த்திகை விண்மீன் கூட்டத்தையும் செவ்வாய்க் கோளையும் சுட்டிக்காட்டித் தமிழ்க்குரல் ஒலிக்கும்போது, அக்குழந்தை வானம் தனக்கும் உரியது என்று உணர்கின்றது. அது போற்றத்தக்க பணி. அக்குரல் ஏன் வானத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதே நம் வினா.

நம் நாட்டில் அறிவியற் பொருள்களைக் காட்சிக்கு வைத்துள்ள கூடம் எதிலேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக நின்று பாருங்கள். குடும்பங்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு வரும். பிள்ளைகள் கட்டவிழ்ந்த கன்றுகள் போல் பாய்ந்தோடுவர். குமிழை அழுத்துவர், விளக்கெரியும், அடுத்த பொறிக்கு ஓடுவர். கைப்பிடியைச் சுழற்றுவர்; உருளை ஓடும்; அடுத்த பொறிக்கு ஓடுவர். வளைந்த ஆடியின்முன் நின்று தம் உருவம் குட்டையாகவும் நெட்டையாகவும் தோன்றுவது கண்டு சிரிப்பர், மீண்டும் ஓடுவர். ஒரு பிள்ளை மட்டும் நின்று, 'அப்பா, இஃது ஏன் இப்படி ஆகிறது?' என்று கேட்கும். தந்தை பலகையைப் பார்ப்பார். பலகை ஆங்கிலத்தில் பேசும். அவர் இரண்டு வரி முணுமுணுத்துவிட்டு, 'அது ஏதோ சயின்சு எபெக்ட்டு. வா, டைம் ஆயிற்று' என்று இழுத்துச் செல்வார். அந்த நொடியில் அங்கே நிகழ்ந்தது என்ன? ஒரு வினா பிறந்தது, மொழியின்மையால் இறந்தது. அதனினும் கொடியது, தன் தந்தைக்கு விடை தெரியவில்லை என்றும், விடையெல்லாம் வேற்று மொழியில் இருக்கின்றன என்றும் அக்குழந்தை கற்றுக்கொண்டது. குமிழை அழுத்திக் கற்றதை அது மறந்துவிடும். இதனை மறக்காது.

தமிழ்ப் பலகைகள் அறவே இல்லையோ எனின், இருக்கின்றன. அவற்றை நால்வகையாகப் பிரிக்கலாம். பெயரை மட்டும் தமிழில் எழுதி, விளக்கத்தை ஆங்கிலத்திற்கே விட்டுவைத்த பலகை ஒருவகை. ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதிக் 'கான்கேவ் மிர்ரர்' என்று நிற்கும் பலகை இரண்டாம் வகை. ஆங்கில வரியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, தமிழறிந்தவருக்கும் ஆங்கிலமறிந்தவருக்கும் ஒருங்கே விளங்காத பலகை மூன்றாம் வகை. பொருளை முன்னால் வைத்துக்கொண்டு, தமிழிலேயே எண்ணி, தமிழிலேயே எழுதப்பட்ட பலகை நான்காம் வகை. முதல் மூன்று வகையும் எளிதில் கிட்டும். நான்காவது வகையைத் தேடித்தான் காண வேண்டும்.

நான்காம் வகைப் பலகை எவ்வாறிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருதல் நம் கடன். ஏறக்குறைய எல்லா அறிவியற் கூடங்களிலும் இரண்டு பெரிய கிண்ணங்கள் எதிரெதிரே, நெடுந்தொலைவில் நிறுத்தப்பட்டிருக்கும். ஒன்றின்முன் ஒருவர் மெல்லப் பேச, மற்றொன்றின்முன் காது வைத்தவர்க்கு அது தெளிவாகக் கேட்கும். இதற்கு எழுத வேண்டிய பலகை இது:

'இஃது ஒரு பரவளையக் கிண்ணம். உன் வாயிலிருந்து பரந்து செல்லும் ஒலியை இது நேர்க்கோடாக்கி எதிர்க் கிண்ணத்திற்கு அனுப்புகின்றது. அக்கிண்ணம் அதனை மீண்டும் ஒரே இடத்தில் குவிக்கின்றது. அந்த இடத்திற்குக் குவியம் என்று பெயர். உன் தங்கை காதைக் குவியத்தில் வைத்தால் நீ சொல்லும் கமுக்கம் அவளுக்குக் கேட்கும். ஒரு சாண் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? செய்து பார்.'

இதில் அரிய சொல் எது? 'குவியம்' என்பது கலைச்சொல். ஆயினும், நெற்குவியலைக் கண்ட பிள்ளைக்கும், கைகுவித்து வணங்கிய பிள்ளைக்கும் அச்சொல்லை எவரும் விளக்க வேண்டா. இதுதான் தமிழ்க் கலைச்சொல்லின் ஆற்றல். நம் பாடநூல்களிலேயே இருக்கின்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். குழிந்த ஆடி குழியாடி. குவிந்த ஆடி குவியாடி. விரலால் தடவிப் பார்த்த குழந்தைக்கு இவ்விரு பெயரும் ஆயுள் முழுதும் மாறா. ஊசலாடுவது ஊசல், ஊஞ்சலில் ஆடிய பிள்ளைக்கு அது பழகிய சொல். நெம்புவது நெம்புகோல், பாறையைக் கடப்பாரையால் நெம்பியவர் பேரப்பிள்ளைக்கு அதனை நூல் கற்பிக்க வேண்டுவதில்லை. இசைக்கவை ஒன்று அதிர, தொடாமல் வைத்த மற்றொன்றும் உடனொத்து அதிர்வது ஒத்ததிர்வு. சொல்லே விளக்கம்; விளக்கமே சொல். இவற்றிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் சென்றவை. அவற்றின் வேர் ஆங்கிலேயப் பிள்ளைக்கே விளங்குவதில்லை. அவன் உருப்போட்டுத்தான் கற்கின்றான். நமக்கோ வேர் நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கின்றது. இருந்தும், அவன் உருப்போட்டதையே நாமும் உருப்போடுகின்றோம்!

பலகையைத் தமிழிலேயே எண்ணி எழுத வேண்டும் என்பதற்கு வேறொரு கரணியமும் உண்டு. அறிவியல் நெறி உலகுக்கெல்லாம் ஒன்று. அது கண்ணுக்குப் புலப்படும் முறையோ இடத்துக்கு இடம் வேறு. 1851-இல் பாரிசு நகரத்துப் பாந்தியோன் மாளிகையில் இலெயோன் பூக்கோ என்னும் அறிஞர், 67 மாத்திரி நீளக் கம்பியில் 28 அயிரக்கல் எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஊசலாடச் செய்தார். ஊசல் ஆடும் தளம் மெல்ல மெல்லத் திரும்பிற்று. உண்மையில் திரும்பியது ஊசலன்று. அதன்கீழே இருந்த ஞாலம். ஞாலம் தன்னைத்தான் சுற்றுவதைக் கூடத்திற்குள் நின்றே கண்டனர் மக்கள். இன்று உலகின் பல காட்சியகங்களில் பூக்கோ ஊசல் உண்டு. பாரிசில் அவ்வூசலின் தளம் ஒரு முழுச்சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 32 மணி நேரம் ஆகும். நடுக்கோட்டை நெருங்க நெருங்க அது தளர்ந்து, நடுக்கோட்டிலோ திரும்பாமலே நின்றுவிடும். சென்னை நடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. ஆதலின், அங்கு ஊசற்றளம் ஒரு மணிக்கு மூன்றரைப் பாகைக்கும் சற்றுக் குறைவாகவே திரும்பும். முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 106 மணி நேரம், அஃதாவது நான்கு நாளுக்கு மேல் ஆகும். திருநெல்வேலியில் ஆறரை நாள் ஆகும்.

மேனாட்டுப் பலகையைப் பெயர்த்தெழுதியவன் இதனைச் சொல்வானா? சொல்லான். பாரிசு பாரிசு என்றே எழுதி வைப்பான். நெல்லைப் பிள்ளை தன் ஊரின் ஊசல் ஏன் சென்னை ஊசலினும் தளர்ந்து திரும்புகின்றது என்று கேட்கும் நாளில்தான், அப்பிள்ளை அறிவியலைக் கற்கத் தொடங்குகின்றது. அந்த வினாவை எழுப்பும் பலகையைத் தமிழ்நாட்டில் தமிழில் எண்ணுபவனே எழுதவியலும்.

இன்னொன்று காண்க. கதிரவன் நேர் உச்சியில் வந்து நிற்க, நட்டு வைத்த கோலின் நிழல் முற்றும் மறைந்துபோகும் நிழலில்லா நாள், சென்னைக்கு ஆண்டில் இருமுறை வருகின்றது. ஏப்பிரல் 24-ஐயும் ஆகட்டு 18-ஐயும் ஒட்டி வருகின்றது. தெற்கே செல்லச் செல்ல அந்நாள்கள் மாறும். இலண்டனிலோ மியூனிக்கிலோ அத்தகைய நாள் என்றுமே இல்லை. அங்குக் கதிரவன் உச்சிக்கு வருவதேயில்லை. மேனாட்டுக் காட்சியகங்கள் தம் முற்றத்தில் காட்டவே முடியாத ஒரு பேருண்மையைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு சிற்றூர்ப் பள்ளியும் ஒரு மூங்கிற்கோலை நட்டுக் காட்டலாம். பொறியும் வேண்டா; மின்னாற்றலும் வேண்டா; கட்டணமும் வேண்டா. கோலும் தமிழும் போதும்.

இனி, நம் இயக்கத்தார் கேட்டற்குரிய ஒன்றையும் மறையாது சொல்லுதல் வேண்டும். மறைமலையடிகளின் தனித்தமிழ் முயற்சி தோன்றிய அதே 1916-ஆம் ஆண்டில், அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கெனச் சேலத்தில் ஒரு கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், பின்னர் 1938-இல் இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய அதே இராசகோபாலாச்சாரியார் என்பது வரலாற்றின் நகைப்பு. அதற்கும் முன்னரே, 1847-இல் ஈழத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். 1954 முதல் 1968 வரையில் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. சொல்லுக்கு நமக்குப் பஞ்சமில்லை. நூறாண்டுக்கு மேலாகச் சொற்களை ஆக்கி ஆக்கிப் பட்டியலிட்டு அடுக்கி வைத்துள்ளோம்.

ஆனால், பட்டியலிற் கிடக்கும் சொல் உறையிலிட்ட வாள். அதனைப் பொருளோடு பொருத்தி, ஒரு குழந்தையின் வாயில் வழங்கச் செய்தாலன்றி அதற்கு உயிரில்லை. ஒரு கலைச்சொல்லைப் பத்து அறிஞர் கூடி ஒப்புதல் செய்வதினும், பத்துப் பிள்ளைகள் ஒரு பொறியின்முன் நின்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வது மேலானது. எந்தச் சொல் நிற்கும், எந்தச் சொல் வழுக்கிவிடும் என்பதையும் அப்பிள்ளைகளே காட்டிவிடுவர். தனித்தமிழ்ச் சொல்லாக்கத்திற்கு உரைகல் வேண்டுமாயின் அது அறிவியற் கூடத்தின் தளத்தில்தான் இருக்கின்றது. நாமோ சொல்லை ஆக்குவதில் காட்டிய முனைப்பில் நூறில் ஒரு பங்கையும் அதனைப் பொருளின்மேல் ஒட்டுவதில் காட்டவில்லை.

இதன் விளைவைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காணலாம். தமிழ்வழியில் கற்கும் பிள்ளைக்குக் 'குழியாடி' என்னும் சொல் பாடநூலில் தெரியும். கூடத்தில் ஆங்கிலப் பலகையின்கீழ் அதே ஆடியைக் காணும்போது, தான் படித்த பொருள்தான் இது என்று அறியாமலே கடந்து போகின்றது. ஆங்கில வழியில் கற்கும் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தெரியும்; அச்சொல்லின் பொருள் தெரியாது. ஒன்றுக்குச் சொல் இருந்தும் பொருள் கிட்டவில்லை. மற்றொன்றுக்குப் பொருள் கிட்டியும் சொல் விளங்கவில்லை. இருவரையும் ஒருங்கே கரையேற்றக்கூடிய தோணி, தமிழில் எழுதிய ஒரு பலகை.

'மேற்படிப்புக்கு ஆங்கிலச் சொல்தானே வேண்டும்?' என்பார்க்கு நம் விடை இது: ஆங்கிலச் சொல்லைத் துடைத்தெறியுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. தமிழ் மேலே, முழு விளக்கத்தோடு, பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆங்கிலம் கீழே இருக்கட்டும். கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழும் ஆங்கிலமும் பிறமொழியும் 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்று நெறி வகுத்துள்ள நாடு இது. துணிக்கடைக்கும் இனிப்புக் கடைக்கும் வகுத்த நெறி அறிவுக் கூடத்திற்கு ஆகாதா? இனி, நடுவணரசின் ஆளுகைக்குட்பட்ட நிறுவனங்கள் தம் மும்மொழி நெறியால் இந்தியையும் பலகையில் ஏற்றும்போது, ஒரே பலகையை மூன்றாகப் பங்கிட நேர்கின்றது. பங்கீட்டில் குறைவது எழுத்தின் அளவு மட்டுமன்று. விளக்கத்தின் அளவும் குறைகின்றது. நெல்லைச் சீமைப் பிள்ளைக்கு இந்தி விளக்கத்தால் விளையும் பயன் யாது? அந்த இடத்தில் இன்னும் நான்கு வரி தமிழ் இருந்தால் ஒரு வினா பிழைத்திருக்கும்.

அரசைக் கேட்பது ஒருபுறம் இருக்க, தமிழ்ப் பெற்றோர் செய்யத்தக்கன பல உள. அவற்றிற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ஓர் அறிவியற் கூடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே நாளில் அனைத்தையும் பார்த்து முடிக்க முனையாதீர்கள்; ஐந்து பொறிகள் போதும். ஒவ்வொன்றின்முன்னும் குழந்தை தானே செய்து பார்க்கும்வரை வாய் திறவாமல் நில்லுங்கள். பின்னர், 'என்ன ஆயிற்று? ஏன் ஆயிற்று?' என்று தமிழில் கேளுங்கள். குழந்தை தன் சொல்லில் விடை கூறட்டும். அதன்பின் கலைச்சொல்லைச் சொல்லுங்கள். ஒரு சிறு சுவடியில் பொறியின் படத்தை வரைந்து, தமிழ்ப் பெயரைக் குழந்தையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். ஊசலைக் கண்டால் வீட்டு ஊஞ்சலை நினைவூட்டுங்கள். நெம்புகோலைக் கண்டால் ஏற்றத்தைச் சொல்லுங்கள். ஏற்றம் காணாத நகரத்துப் பிள்ளைக்கு அதன் படத்தையேனும் காட்டுங்கள். சுழலும் ஆழியைக் கையிற் பிடித்துச் சாய்க்கும்போது உடலே திரும்புவது கண்டு வியக்கும் பிள்ளைக்குப் பம்பரத்தைக் கையில் கொடுங்கள். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி எப்போது என்று கேட்டு அதற்கே சீட்டு வாங்குங்கள். தமிழ்க் காட்சிக்கு இருக்கை வெறுமையாகவும் ஆங்கிலக் காட்சிக்குக் கூட்டம் மிகுதியாகவும் இருந்தால், நாளை எந்தக் காட்சி நிறுத்தப்படும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றிற்கும் மேலாக, அன்று ஒருநாளேனும் பிள்ளையிடம் கலப்பின்றிப் பேசுங்கள். 'லைட்டை ஆன் பண்ணு, வீலை ரொட்டேட் பண்ணு' என்று தந்தை பேசும்போது, வினைக்கெல்லாம் வேற்றுமொழி, 'பண்ணு' என்பதற்கு மட்டும் தமிழ் என்று குழந்தை முடிவு கட்டிவிடுகின்றது. விளக்கை ஏற்று, ஆழியைச் சுழற்று, கயிற்றை இழு, காதை வை என்று சொல்வதற்கு எந்தக் கல்வியும் வேண்டுவதில்லை.

அன்பர்கள் கூட்டாகச் செய்ய வேண்டியவையும் சில உள. ஒவ்வொரு நடுவத்திலும் பார்வையாளர் கருத்தெழுதும் சுவடி இருந்தால், அதில் பொதுவாகக் குறை கூறாமல், 'இன்ன பொறிக்குத் தமிழ் விளக்கம் இல்லை' என்று பெயர் சுட்டி எழுதுங்கள். எழுதுவதோடு நில்லாமல் விளக்கத்தை நீங்களே ஆக்கிக் கொடுங்கள். அறிவியல் கற்ற தமிழாசிரியரும் தமிழ் கற்ற அறிவியலாசிரியரும் கூடி அமர்ந்தால், ஒரு கூடத்துக்குரிய பலகைகளை ஒரு திங்களில் எழுதி முடிக்கலாம். எழுதியதை அச்சிடும்முன் பத்துப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்து, விளங்காத வரியை அடித்துவிடுங்கள். சான்பிரான்சிசுகோத் தேடலகத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் விளக்குநராய் நிற்பது போல், நம் தமிழ்வழிக் கல்லூரி மாணவர்களை விடுமுறை நாள்களில் விளக்குநராய் அமர்த்துமாறு அரசைக் கேளுங்கள். அவர்களுக்கு அது வருவாயுமாகும். தமிழ்வழிக் கல்வி எதற்கு உதவும் என்று ஏளனம் செய்வார்க்கு விடையுமாகும்.

இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உடையோம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அப்பெருமை பொய்யன்று. ஆனால், முன்னோர் செய்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும் மொழியைப் பிள்ளைகள் வணங்குவர். தங்கள் கையில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசும் மொழியைத்தான் பயன்கொள்வர். வணங்கப்பெறும் மொழிகள் பல, வழக்கிழந்து போயின. பயன்கொள்ளப்பெறும் மொழி எதுவும் அழிந்ததில்லை.

தமிழ்ப் பெற்றோரே! தமிழாசிரியர்களே! உங்கள் பிள்ளை 'ஏன்?' என்று கேட்கின்ற அந்த ஒரு நொடிதான் நம் மொழியின் எதிர்காலம். அந்த நொடியில் தமிழ் ஊமையாய் நிற்க விடாதீர்கள். பலகையில் தமிழ் வரும்வரை, நீங்களே பலகையாய் நில்லுங்கள்!